மறுமலர்ச்சி ஓவியத்தில் மாற்றுத்திறனாளிகள்: மாணவர் போட்டிக்குப் படம் வரைவது எப்படி

மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றை எடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கும் இடமுள்ள படமாக மறுபடி வரைய வேண்டும். மாணவர் ஓவியப் போட்டிக்கு இப்படி ஒரு தலைப்பு கொடுத்தால் பலருக்கும் உடனே தோன்றுவது மோனா லிசாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதுதான். அடுத்தது, லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ மேசையோரம் ஒரு ஊன்றுகோலைச் சாய்த்து வைப்பது. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவர் கைக்குப் போகும் படக் குவியலில் இப்படிப்பட்டவை ஏராளமாக இருக்கும், உங்கள் படம் அதில் காணாமல் போய்விடும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்தக் கால ஓவியங்களில் மாற்றுத்திறனாளிகள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். தெருவோரத்தில் இருக்கிறார்கள், அரசவையில் இருக்கிறார்கள், ஆலயச் சுவரிலும் இருக்கிறார்கள். அவர்களை எதற்காகப் படத்துக்குள் கூட்டி வந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். புதிதாக ஒருவரைக் கொண்டுபோய் ஒட்டுவதைவிட, அங்கே இருப்பவரின் இடத்தை மாற்றினால் படம் தானாகப் பேசும்.

1. அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

வயது வரம்பு, தாளின் அளவு, கையால் வரைய வேண்டுமா, டிஜிட்டலில் வரையலாமா, செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கு அனுமதி உண்டா, விளக்கக் குறிப்பு எத்தனை சொல் என்று தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலக் கணக்கிலும் கவனம் தேவை. மறுமலர்ச்சி என்றால் பொதுவாக 1400-லிருந்து 1600 வரை. இத்தாலியோடு நெதர்லாந்து, ஜெர்மனி பகுதிகளும் இதில் சேரும். பலர் ஆசையோடு எடுத்து வருவது வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ (1656), இல்லாவிட்டால் ரிபேரா வரைந்த, வளைந்த பாதத்தோடு ஊன்றுகோலைத் தோளில் போட்டுச் சிரிக்கும் சிறுவன் (1642). இரண்டுமே அருமையான படங்கள், இரண்டுமே மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த பரோக் காலம். விதி கறாராக இருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

2. மூலப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் படங்கள் சில.

இத்தாலியின் பிளாரன்ஸில் சாந்தா மரியா தெல் கார்மினே ஆலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயத்தில், 1420-களில் மசாச்சோ தீட்டிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. புனித பேதுரு தெருவில் நடந்து வருகிறார், அவருடைய நிழல் பட்டவர்கள் குணமாகிறார்கள். சூம்பிய கால்களோடு தரையில் இருப்பவர் பேதுருவை அண்ணாந்து பார்க்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் எழுந்துகொண்டிருக்கிறார். இன்னொருவர் எழுந்து நின்று கைகூப்பிவிட்டார். பேதுரு யாரையுமே பார்க்கவில்லை, அவர் பார்வை நேர் முன்னால் போகிறது. குணமாகிக் காட்டுவது ஒன்றுதான் அந்தத் தெருவில் இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சரி, குணமாகாமலே அதே தெருவில் அவர்களுக்கு வேறு என்ன வேலை இருக்கலாம்? பேதுரு குனிந்து பார்த்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்வியே ஒரு படத்துக்குப் போதும்.

அதே பிளாரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் உர்பினோ ஆட்சியாளர் இணையரின் இரட்டை உருவப்படம் வேறு மாதிரி. வரைந்தவர் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா. கணவர் ஃபெடெரிகோ தா மொண்டெஃபெல்ட்ரோ 1450-இல் ஒரு குதிரைச் சண்டைப் போட்டியில் வலது கண்ணை இழந்தவர். அதனால் அவரை வலப்பக்கப் பலகையில், இடது பக்கவாட்டு முகம் மட்டும் தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். மூக்குத் தண்டில் இருக்கும் பள்ளத்தை மட்டும் மறைக்கவில்லை. இப்படி மறைப்பதற்கு அந்தக் காலத்தில் நூல் ஆதாரமே இருந்தது. 1435-இல் ஓவியக்கலை பற்றி எழுதிய ஆல்பெர்த்தி, ஒற்றைக் கண் ஆண்டிகோனஸ் மன்னரை ஓவியர் அப்பெல்லீஸ் நல்ல கண் தெரியும் பக்கத்திலிருந்து மட்டும் வரைந்ததையும், பெரிக்ளிஸின் நீண்ட தலையை வேறு கலைஞர்கள் தலைக்கவசம் போட்டு மறைத்ததையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ஃபெடெரிகோவை நம் பக்கம் திருப்பி உட்கார வைத்தாலே உங்கள் போட்டிப் படம் தயார். கேட்கச் சுலபமாக இருக்கும். உட்கார்ந்து வரைந்து பாருங்கள், அந்த வலது கண்ணின் இடத்தில் என்ன வரைவது என்று முடிவு செய்வதற்குள் நாலு தாள் போய்விடும்.

பிரூகலின் ‘குருடருக்கு வழிகாட்டும் குருடர்’ (1568) நேப்பிள்ஸின் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு பேர், ஒருவர் தடியை ஒருவர் பிடித்து, தோளில் கை வைத்து, சரிவில் வரிசையாக வருகிறார்கள். முதல் ஆள் பள்ளத்தில் மல்லாந்து விழுந்தாயிற்று, இரண்டாமவர் விழுந்துகொண்டிருக்கிறார். கண் மருத்துவர்கள் இந்தப் படத்தில் வெவ்வேறு கண் நோய்களை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். பிரூகல் அவ்வளவு துல்லியமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அவ்வளவு பார்த்தவர், பைபிள் உவமை ஒன்றுக்காக அவர்களை விழ வைத்துவிட்டார். அதே ஆண்டில் அவர் வரைந்த ‘பிச்சைக்காரர்கள்’ லூவ்ரில் இருக்கிறது. உயரம் 18.5 செ.மீ., அகலம் 21.5 செ.மீ., அவ்வளவுதான். ஊன்றுகட்டைகளோடு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு திசையில். இவ்வளவு சின்னப் படத்தைப் பெரிய தாளில் விரிக்கும்போது ஆட்களுக்கு நடுவே இடம் கிடைக்கும், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியின் மாந்துவா அரண்மனையில் மான்டேன்யா வரைந்த அறையில், ஆட்சியாளரின் மனைவிக்கு அருகே நிற்கும் குள்ளமான பெண் நம்மை நேராகப் பார்க்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1515 வாக்கில் வரையப்பட்ட ‘குழந்தை இயேசுவை வணங்குதல்’ படத்தில், மரியாவுக்கு அருகே இருக்கும் தேவதூதர் ஒருவருக்கும் பின்னால் இருக்கும் இடையர் ஒருவருக்கும் டவுன் சிண்ட்ரோம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இருவர் 2003-இல் எழுதினார்கள். 500 ஆண்டுக்கு முந்தைய முகத்தைப் பார்த்து உறுதியாக மருத்துவ முடிவு சொல்ல முடியாது. உங்கள் குறிப்பிலும் ‘இருந்திருக்கலாம்’ என்றே எழுதுங்கள்.

ஓவியரையே எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. இத்தாலியின் பிந்துரிக்கியோவுக்குக் காது கேளாததால் வந்த இன்னொரு பட்டப்பெயரே உண்டு. ஸ்பெயினில் இரண்டாம் பிலிப் மன்னரின் எஸ்கோரியல் மாளிகைக்கு வரைந்த நவர்ரேத்தே சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். நெதர்லாந்தின் கோல்ட்சியஸ் குழந்தையாக இருந்தபோது தீயில் விழுந்து வலது கை வெந்து, விரல்கள் விரியாமல் போனவர். 1588-இல் அந்த வலது கையையே பேனாவால் வரைந்து வைத்தார். ஹார்லெம் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, கையே இல்லாத மோனா லிசாவை வரையத் தோன்றாது.

3. மூலத்தை ஒரு தடவை அப்படியே வரையுங்கள்

மாற்றம் எதுவும் வேண்டாம், பென்சிலில் போதும். வரையும்போது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் தலை எந்த உயரத்தில் இருக்கிறது, யார் கை என்ன செய்கிறது. அம்புக்குறி போட்டால் இன்னும் நல்லது. மசாச்சோ படத்தில் பார்வைக்கான அம்புகளைப் போட்டதும் பேதுருவின் அம்பு மட்டும் யாரையும் தொடாமல் வெளியே ஓடுவது கண்ணில் படும்.

4. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பார்வையையோ, இடத்தையோ, கையில் இருக்கும் வேலையையோ மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே படத்தில் மாற்றினால் மூலம் அடையாளம் தெரியாமல் போய்விடும், பார்ப்பவருக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

எனக்குப் பிடித்த மாற்றம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மறுமலர்ச்சி ஓவியத்தின் பெருமை அதன் தொலைவுக்காட்சிக் கணக்கு, அதாவது தட்டையான பரப்பில் தூரம் தெரியும்படி வரையும் முறை. தூரத்துக்குப் போகும் கோடுகள் எல்லாம் கூடும் புள்ளியை, படத்தில் இருக்கும் மனிதரின் உயரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறார் ஆல்பெர்த்தி. அப்படி வைத்தால் பார்ப்பவரும் படத்தில் இருப்பவரும் ஒரே தளத்தில் நிற்பதுபோல் தோன்றும் என்பது அவர் நியாயம். அந்த மனிதர் நிற்கிறார் என்பதை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இதனால் சமதரையில் நிற்பவர்களின் தலைகள், கிட்டேயிருந்தாலும் தூரத்திலிருந்தாலும், ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். உட்கார்ந்திருப்பவர் மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். அவரை யாரும் வேண்டுமென்று தாழ்த்தவில்லை, அந்தப் புள்ளி வழியே போகும் அடிவானக் கோடு தாழ்த்திவிடுகிறது.

இப்போது அந்தக் கோட்டைச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர். தரைக்கற்களின் கோடுகளை அந்தப் புதிய புள்ளிக்கு இழுத்து, ஆட்களை மறுபடி நிறுத்துங்கள். உட்கார்ந்திருப்பவர்களின் கண்கள் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடும். நிற்பவர்களின் தலை மேலே, தூரத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கி நிற்கும். மேசையின் மேற்பரப்பு ஒல்லியாகத் தெரியும். யாரையும் புதிதாகச் சேர்க்காமலே படம் யார் கண்ணால் பார்க்கப்படுகிறது என்பது மாறிவிடும். ரஃபாயேலின் ‘ஏதென்ஸ் பள்ளி’ இந்தப் பயிற்சிக்கு நன்றாக வரும், முன்னால் முழுக்கப் படிக்கட்டுகள் வேறு இருக்கின்றன.

5. மாற்றுத்திறனாளிகளிடம் காட்டிக் கேளுங்கள்

பென்சில் படம் முடிந்து, வண்ணம் தொடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “இந்த இடத்துல நீங்க இருந்தா எப்படி உட்காருவீங்க, கையை எங்க வைப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

படத்தில் அடிக்கடி வரும் பிழைகள் சில: பார்வையற்றவரை இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்துப் போவதுபோல வரைவார்கள். வழக்கமாகப் பார்வையற்றவர்தான் துணைக்கு வருபவரின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் நடப்பார். பிரூகல் படத்தை மாற்றி வரைய இந்த ஒரு தகவலே போதும். சக்கர நாற்காலி என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் கனமான நாற்காலியை வரைவார்கள். தினமும் பயன்படுத்துபவரின் நாற்காலி அவர் உடம்புக்கு ஏற்றதாக இருக்கும், சக்கரத்தில் கையால் தள்ளும் வளையமும் இருக்கும். சைகை மொழியில் பேசும் கையை வரைவதென்றால் அதைப் பேசுபவரிடம் கேட்டே வரையுங்கள், ஒரு விரல் மாறினாலும் அர்த்தம் மாறிவிடலாம். ஓவியர்கள் கை அசைவுகளைப் பேச முடியாதவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று லியோனார்டோவே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

மாடலாக ஒருவரை உட்கார வைத்தால் அனுமதி கேளுங்கள், படம் எங்கே போகும் என்று சொல்லுங்கள். நீங்களே மாற்றுத்திறனாளி என்றால் உங்கள் உடம்பைப் பற்றித்தான் வரைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

6. பொருட்களின் காலத்தை முடிவு செய்யுங்கள்

முழுக்க அந்தக் காலப் பொருட்களா, இன்றையவையா? இரண்டில் ஒன்று. அரைகுறையாகக் கலந்தால் தெரியாமல் செய்ததுபோல் இருக்கும்.

அந்தக் காலம் என்றால் ஊன்றுகட்டை, மரக்கால், கையால் ஊன்றித் தரையில் நகரும் சின்ன மரத்தாங்கிகள் உண்டு. மூக்குக் கண்ணாடி உண்டு. 1436-இல் யான் வான் எய்க் வரைந்த படத்தில் பாதிரியார் வான் டெர் பாலே ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறார். ஜெர்மன் வீரர் கோட்ஸ் ஃபொன் பெர்லிஷிங்கன் 1504-இல் கையை இழந்து இரும்புக் கை போட்டுக்கொண்டார். கீல்வாதம் வந்த இரண்டாம் பிலிப் மன்னருக்குச் சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது, 1595-இல் வரைந்த படமே இருக்கிறது. அதைத் தள்ள ஆள் வேண்டும். வெள்ளைக்கோலும் பிரெய்லும் பிறகு வந்தவை. அவற்றை வைத்தால் தெரிந்தேதான் வைத்தீர்கள் என்று படம் காட்ட வேண்டும்.

7. வரைந்து வண்ணம் தீட்டுங்கள்

மூலத்தை ஏ4 தாளில் அச்செடுத்து 2 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். ஏ3 தாளில் அதே கட்டங்கள் 2.8 செ.மீ. ஆகும். தாள் முழுவதும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் வெள்ளைத் தாளின் கூச்சம் போய், மேலே வரும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். போஸ்டர் கலரைவிட அக்ரிலிக் நல்லது, காய்ந்த பிறகு மேல்பூச்சில் கரையாது.

நீங்கள் இடம் மாற்றிய ஆளின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்து ஆளின் நிழல் வலப்பக்கம் விழுந்தால் இவர் நிழலும் அங்கேதான் விழ வேண்டும். வெட்டி ஒட்டியதுபோல் தெரியும் படங்களில் தவறு அனேகமாக நிழலில்தான் இருக்கும்.

8. குறிப்பும் படவிளக்கமும்

விளக்கக் குறிப்பில் மூலப் படத்தின் பெயர், ஓவியர், ஆண்டு, இருக்கும் இடம். நீங்கள் கண்ட ஒன்று. நீங்கள் மாற்றிய ஒன்று. இவ்வளவு போதும். உதாரணத்துக்கு: “மசாச்சோவின் சுவரோவியத்தில் பேதுரு தரையில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. என் படத்தில் பேதுரு நின்று, கீழே உட்கார்ந்து, அந்த மனிதரிடம் வழி கேட்கிறார். அந்தத் தெருவை அவர்தான் நன்றாக அறிந்தவர்.” பரிதாபமும் வேண்டாம், ‘தன்னம்பிக்கைச் சிகரம்’ என்ற புகழ்ச்சியும் வேண்டாம்.

போட்டியில் கேட்காவிட்டாலும் பார்வையற்றவருக்கான படவிளக்கம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். இடமிருந்து வலமாக, யார், எந்த நிலையில், யாரை நோக்கி என்று ஐந்தாறு வரி. எழுதியதை நண்பருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டால் விட்டுப்போனது தெரிந்துவிடும்.

நேரம் இருந்தால் தொட்டுப் பார்க்கும் பிரதி ஒன்றும் செய்யலாம். பொலோன்யாவில் பார்வையற்றோருக்கான நிறுவனம் ஒன்றின் ஆன்டெரோஸ் அருங்காட்சியகம் மறுமலர்ச்சி ஓவியங்களைப் புடைப்புச் சிற்பமாகச் செய்து வைத்திருக்கிறது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகமும் 2015-இல், தன்னிடமுள்ள மோனா லிசா நகல் உட்படச் சில படங்களைத் தொடக்கூடிய வடிவில் காட்சிக்கு வைத்தது. நம் அளவுக்குத் துணியில் டிசைன் போட வாங்கும் த்ரீடி அவுட்லைனர் டியூப் போதும், காய்ந்தால் கோடு மேடாக நிற்கும். எல்லாக் கோட்டையும் மேடாக்காதீர்கள். ஆட்களின் வெளிக்கோடு, தரைக்கோடு, கைகள் மட்டும் போதும், மற்றவை விரலைக் குழப்பும்.

9. படமெடுத்து அனுப்புங்கள்

பகல் வெளிச்சத்தில், வெயில் நேரடியாகப் படாத சுவரில் படத்தை நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு நேர் எதிராகப் பிடித்து எடுங்கள். ஏ3 படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். முடிந்தால் ஸ்கேன் செய்துவிடுங்கள். மூலப் படத்தின் நல்ல பிரதி தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள, காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது.

பள்ளிப் பொறுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சுக்குப் போகும்போது முகம் எல்லாம் கரைந்து தெரியும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர், வகுப்பு, மூலப் படத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும்.